பத்தாயிரம் என்ற அந்த எண்ணை எடுத்துவிடுங்கள்: ஐடஹோ சட்டமன்றத்துக்கு ஒரு திறந்த மடல்

ஐடஹோ மாநிலச் சட்டமன்றத்தின் 35 செனட்டர்களுக்கும் 70 பிரதிநிதிகளுக்கும் வணக்கம்.

இந்த மடலின் ஆங்கில வடிவம் உங்கள் அலுவலகங்களுக்குத் தனியே வந்து சேரும். தமிழிலும் எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது. மைக்ரான் என்ற சிப் கம்பெனியையும் அதைச் சுற்றியுள்ள வேலைகளையும் நம்பி ஐடஹோவின் தலைநகரான பாய்சிக்கு வந்து, வீடு வாங்கி, பிள்ளைகளை இங்கேயே பள்ளியில் சேர்த்துவிட்ட தமிழ்க் குடும்பங்கள் இருக்கின்றன. அவர்களில் குடியுரிமை வாங்கியவர்கள் இதைப் படித்துவிட்டுத் தங்கள் தொகுதி உறுப்பினர் யார் என்று தேடிப் பார்க்க வேண்டும், ஒரு போன் போட வேண்டும். எனக்கு இங்கே வாக்கு இல்லை. கிரீன் கார்டு வரிசையில் பல வருஷமாக நிற்கிறவன். ஆனால் அரிசி பருப்பு வாங்கினாலும் 6 சதவீத விற்பனை வரி கட்டுகிறேன், பதினொரு குளிர்காலத்தை இந்த ஊரில் கழித்துவிட்டேன், ஊர் மேல் பாசம் வந்துவிட்டது. அந்த உரிமையில்தான் பேசுகிறேன்.

கேட்க வந்தது ஒன்றே ஒன்று. மக்கள் தொகை 10,000-க்கு மேல் போகாத சுற்றுலா ஊர்கள், தங்கள் மக்களிடம் வாக்கெடுத்து 60 சதவீதம் பேர் சரி என்றால், ஊருக்குள் சின்னதாக ஒரு விற்பனை வரி போட்டுக்கொள்ளலாம் என்று உங்கள் சட்டம் அனுமதிக்கிறது. பாய்சிக்கு அந்த அனுமதி இல்லை. 2020 கணக்கெடுப்பின்படி 2,35,684 பேர் வாழும் ஊர் இது. இத்தனை பேரிடம் 'உங்கள் பஸ்ஸுக்காக இந்த வரியைப் போட்டுக்கொள்ளச் சம்மதமா' என்று கேட்டு ஒரு வாக்குச்சீட்டு அச்சடிக்கக்கூட வழி இல்லை. அந்த 10,000 என்ற வரம்பை எடுத்துவிடுங்கள். வரி போடுங்கள் என்று கேட்கவில்லை, எங்கள் ஊர்க்காரர்களைக் கேட்க விடுங்கள் என்றுதான் கேட்கிறேன்.

ஏன் என்பதை உட்கார்ந்த இடத்திலிருந்து விளக்குவதைவிட நடந்து காட்டுவது எனக்குச் சுலபம். ஜனவரியில் நீங்கள் கூடியபின் ஒரு நாள் மதியம் சட்டமன்ற வாசல் படிகளில் நின்று நேராகத் தெற்கே பாருங்கள். கேப்பிட்டல் பூலவார்ட் சாலை கோடு போட்ட மாதிரி ஓடி, ஆற்றைத் தாண்டி மேடேறி, அந்தக் கடைசியில் ஒரு வெள்ளைக் கோபுரத்தில் போய் முட்டும். அதுதான் 1925-ல் திறந்த பாய்சி டிப்போ. உங்கள் குவிமாடத்திலிருந்து அந்த ரயில் நிலையம் வரை ஒன்றரை மைல் இருக்கும். மூன்று வருஷத்துக்கு முன் ஊரிலிருந்து வந்திருந்த அம்மாவைக் கூட்டிக்கொண்டு அந்தத் தூரத்தை நடந்தேன். வேட்டை நாய் மாதிரி வேகமாக நடக்கிறாய் என்று திட்டிக்கொண்டே வந்தார்கள்.

அம்மா முதலில் தொட்டுப் பார்த்தது உங்கள் கட்டடத்தின் சுவரை. டேபிள் ராக் மலையில் வெட்டியெடுத்த மணற்கல் என்று சொன்னேன். பூமிக்கடியிலிருந்து வரும் வெந்நீரால்தான் உள்ளே கதகதப்பு, அமெரிக்காவில் இப்படி நிலத்தடி வெந்நீரில் சூடாகும் மாநிலச் சட்டமன்றம் இது ஒன்றுதான் என்றும் சொன்னேன். பாய்சியில் 1890-களிலேயே வார்ம் ஸ்பிரிங்ஸ் பகுதி வீடுகளுக்குக் குழாய் போட்டு வெந்நீரைக் கொண்டுபோனார்கள். காலுக்கடியில் இருப்பதை எல்லோரும் சேர்ந்து பயன்படுத்திக்கொள்ளத் தெரிந்த ஊர் இது என்பதற்காகத்தான் இதைச் சொல்கிறேன்.

சில நிமிஷ நடையில் நகராட்சி அலுவலகம் வந்துவிடும். ஊருக்குப் புதிதாக வருகிறவர்கள் யாரும் முதலில் நம்பாத விஷயம் ஒன்று உண்டு: இந்த நகரத்தின் தெருக்கள் நகரத்துக்குச் சொந்தமில்லை. 1971-ல் வாக்காளர்கள் சம்மதித்து 1972-ல் வேலையைத் தொடங்கிய ஏடா கவுண்டி ஹைவே டிஸ்ட்ரிக்ட் என்ற தனி அமைப்பு இருக்கிறது (ஏடா கவுண்டி என்பது பாய்சி இருக்கும் மாவட்டம்). தேர்தலில் ஜெயித்து வரும் ஐந்து கமிஷனர்கள் அதை நடத்துகிறார்கள். பாய்சி, மெரிடியன், ஈகிள் என்று கவுண்டி முழுக்க உள்ளூர்ச் சாலைகள் எல்லாம் அவர்கள் கையில். ஓரத்தில் என்ன கட்டடம் எழும்பலாம் என்று முடிவு செய்வது நகர சபை. அதற்கு முன்னால் ஓடும் சாலை எத்தனை லேன், சைக்கிளுக்கு இடம் உண்டா என்று முடிவு செய்வது வேறொரு சபை. இரண்டும் ஒத்துப்போகும் நாளும் உண்டு, ஒத்துப்போகாத நாளும் உண்டு. சாலைப் பணியாளர்களின் உழைப்பைக் குறை சொல்ல வரவில்லை, பனி கொட்டிய விடியற்காலையில் அவர்கள் வண்டிதான் முதலில் வெளியே வருகிறது. ஏற்பாடு அப்படி என்கிறேன், அவ்வளவுதான்.

இன்னும் கொஞ்சம் போனால் ஃபிரண்ட் ஸ்ட்ரீட், அடுத்து மர்ட்டில் ஸ்ட்ரீட். இவை மாநிலத்தின் கையில் உள்ள நெடுஞ்சாலை. ஒன்றில் ஐந்து லேனும் மேற்கே, இன்னொன்றில் ஐந்து லேனும் கிழக்கே. இன்டர்ஸ்டேட் நெடுஞ்சாலையிலிருந்து வரும் வண்டிகளை டவுன்டவுனுக்குள் கொண்டுவந்து கொட்டவும் திரும்ப அள்ளிக்கொண்டு போகவும் இந்த இரண்டும் நன்றாகவே உதவுகின்றன. ஆனால் ஆறும் பூங்காவும் நூலகமும் அந்தப் பக்கம், கடைகளும் கிரோவ் திடலும் இந்தப் பக்கம். சிக்னலில் எண் இறங்கத் தொடங்கியதும் அம்மா என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்கள். விரல் பதிந்த இடம் அந்தப் பக்கம் போய்ச் சேர்ந்த பிறகும் சிவந்திருந்தது. மூன்றாவது லேன் வரைக்கும் கீழே பார்த்தே நடந்தார்கள், அதற்குப் பிறகு தலை நிமிர்ந்து, நின்றுகொண்டிருந்த கார்களின் கண்ணாடியையே பார்த்தார்கள்.

அப்புறம் நூலகம். முன்பு ஹார்டுவேர் கிடங்காக இருந்த கட்டடம்; பெயர்ப்பலகையில் ஆச்சரியக்குறியோடு நிற்கிறது. அந்த இடத்தில் பெரிய செலவில் புதுக் கட்டடம் கட்டலாம் என்று நகராட்சி திட்டம் போட்டபோது பாய்சி மக்கள் என்ன செய்தார்கள் என்பது உங்களில் பலருக்கு நினைவிருக்கும். இவ்வளவு பெரிய தொகை என்றால் எங்களைக் கேட்டுவிட்டுக் கட்டுங்கள் என்று மனுக்கொடுத்து, 2019 நவம்பரில் வாக்கெடுப்பு நடத்தி, அதையே உள்ளூர்ச் சட்டமாக்கினார்கள். எனக்கு அந்தப் புது நூலகம் பிடித்திருந்தது, வராமல் போனதில் இன்றும் வருத்தம்தான். இருந்தாலும் ஊர்க்காரர்கள் கேட்டது நியாயம். இதே மக்கள்தான் 2001-ல் மலையடிவார நிலத்தைக் காப்பாற்ற ஒரு கோடி டாலர் சொத்து வரிக்குச் சம்மதித்தார்கள், 2015-ல் மறுபடியும் இன்னொரு கோடிக்குச் சம்மதித்தார்கள். சனிக்கிழமை காலை நீங்கள் அந்த மலைப்பாதைகளில் ஏறும்போது காலுக்கடியில் இருப்பது அந்த வாக்கு. வேண்டாம் என்றால் வேண்டாம் என்பார்கள், வேண்டும் என்றால் தங்கள் பையில் கைவிட்டு எடுத்துக் கொடுப்பார்கள். இப்படிப்பட்ட மக்களிடம் பஸ்ஸைப் பற்றி மட்டும் கேட்கக் கூடாது என்பது ஏன்?

பஸ் விஷயத்தில் இன்று பணம் எப்படி வருகிறது என்று பார்த்தால் இது இன்னும் புரியும். 1998-ல் ஏடா, கேன்யன் இரண்டு கவுண்டி வாக்காளர்களும் சேர்ந்து வட்டாரப் போக்குவரத்துக்கென்று ஒரு அமைப்பை உண்டாக்கினார்கள். இன்று வேலி ரீஜனல் டிரான்சிட் என்ற பெயரில் இருப்பது அதுதான். ஆனால் அதற்கு வரி போடும் அதிகாரம் கிடையாது. பெட்ரோல் வரியும் வண்டிப் பதிவுக் கட்டணமும் சாலைகளுக்கு மட்டுமே என்று மாநில அரசியல் சாசனமே கட்டிவைத்திருக்கிறது. மாநிலக் கஜானாவிலிருந்தும் பஸ்ஸுக்கென்று நிரந்தரமாக ஒதுக்கிய பணம் இல்லை. மீதி என்ன? வாஷிங்டனிலிருந்து வரும் மத்திய நிதி, அப்புறம் ஒவ்வொரு நகர சபையும் வருஷா வருஷம் மனசு வைத்துக் கொடுப்பது. ஒரு ஊர் இந்த வருஷம் கையைச் சுருக்கிக்கொண்டால் அந்த ஊருக்குள் போகும் வழித்தடம் சுருங்கிவிடும். இப்படி வருஷத்துக்கு வருஷம் கையேந்துகிற அமைப்பு பத்து வருஷத் திட்டம் எதையாவது தைரியமாகப் போட முடியுமா? டவுன்டவுனில் 2016-ல் கட்டடத்துக்கு அடியில் அழகாக ஒரு பஸ் நிலையம் திறந்தார்கள், மழையும் பனியும் படாமல் ஏறலாம். நிலையம் தயார். பத்து நிமிஷத்துக்கு ஒரு பஸ் விடத்தான் பணம் இல்லை.

சாலைக்கு வரும்போது கணக்கு வேறு. 2021-ல் நீங்களே விற்பனை வரியிலிருந்து ஆண்டுக்குக் குறைந்தது 8 கோடி டாலரை நெடுஞ்சாலை விரிவாக்கத்துக்கென்று ஒதுக்கி, அதைக் காட்டிக் கடன் பத்திரம் வெளியிட வழி செய்தீர்கள். நான் அதை எதிர்க்கவில்லை. மேற்கே உள்ள நாம்பா ஊரிலிருந்து வேலைக்கு வருகிற நண்பர்கள் இருக்கிறார்கள், அவர்கள் படும் பாடு தெரியும். ஆனால் அந்த விற்பனை வரியில் கார் இல்லாதவர் வாங்கிய பாலும் முட்டையும் இருக்கிறது. வண்டியே ஓட்டாத ஒருவர் ஈகிள் ரோட்டுக்கும் இன்டர்ஸ்டேட்டுக்கும் காசு கொடுக்கிறார், அவர் ஏறும் பஸ்ஸுக்கு மட்டும் நிரந்தரமாக ஒரு சென்ட் இல்லை.

அப்படி ஒருவரை எனக்குத் தெரியும். பெயர் வேண்டாம். பூடானிலிருந்து அகதியாக வெளியேறி, நேபாள முகாமில் பாதி ஆயுளைக் கழித்து, கடைசியில் பாய்சியில் குடியமர்த்தப்பட்ட பெரியவர். மேற்கே, நாங்கள் இருக்கும் பக்கம், ஒரு பஸ் ஸ்டாப்பில் அவரை அடிக்கடி பார்ப்பேன். இடது கையில் நீலத் துணிப்பை, அதில் எப்போதும் முள்ளங்கியின் இலை வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். சட்டைப்பையில் ஒரு அட்டை. பஸ் நேரங்களைப் பேத்தி பெரிய எழுத்தில் எழுதிக் கொடுத்தது, மடிப்பில் எழுத்து அழிந்துவிட்டது, ஆனாலும் அவருக்கு மனப்பாடம். ஒரு பஸ் போய்விட்டால் அடுத்ததற்கு எவ்வளவு நேரம் என்பது அவருக்குத் தெரியும், அதனால் இருபது நிமிஷம் முன்னாலேயே வந்து நின்றுவிடுவார். டிசம்பரில் இந்தப் பள்ளத்தாக்கை மூடிக்கொள்ளும் அந்தச் சாம்பல் நிறப் புகைமூட்டம் உங்களுக்கும் தெரியும், மேலே வெயில், கீழே நாள்கணக்கில் நாம் விட்ட புகையே நம் மேல் படிந்து கிடக்கும். அப்படி ஒரு நாள் காரை ஓரம் கட்டி, 'வாங்க பாஜே, விட்டுவிடுகிறேன்' என்றேன். நேபாளியில் தாத்தாவை அப்படித்தான் கூப்பிடுவார்களாம், அவர் பேத்தி சொல்லிக் கொடுத்தது. ஏறிக்கொண்டார். வழியில் அவர் கேட்டது ஒன்றுதான், ராத்திரி ஷிப்ட் முடித்துவிட்டு வரும் மகனுக்கு எப்போதாவது பஸ் வருமா என்று. மகன் சைக்கிளில் வருகிறார். ஐடஹோவில் சைக்கிள்காரர் ஸ்டாப் பலகையில் முழுவதும் நிற்காமல், பார்த்து வழிவிட்டுப் போகலாம் என்று 1982-லேயே நீங்கள் சட்டம் போட்டீர்கள். பின்னால் ஆரிகன், வாஷிங்டன், யூட்டா எல்லாம் உங்களைப் பார்த்து அதே வழிக்கு வந்தன. சாதாரண மனிதர் தன் புத்தியில் சரியாக முடிவெடுப்பார் என்று நம்பிய சட்டம் அது. அதே நம்பிக்கையைத்தான் இங்கேயும் கேட்கிறேன்.

கட்டடங்களுக்கு வருகிறேன், ஏனென்றால் பஸ் இல்லாததன் விலையை இனிமேல் கட்டடங்கள்தான் கொடுக்கப்போகின்றன. இந்த ஊர் ஒரு முறை சூடுபட்ட ஊர். 1960-களிலும் 70-களிலும் டவுன்டவுனை நவீனமாக்குகிறோம் என்று பழைய கட்டடங்களைத் தெருத் தெருவாக இடித்தார்கள், சீனர்கள் வாழ்ந்த பகுதியும் அதில் போனது. இடித்த இடத்தில் பெரிய ஷாப்பிங் மால் வரும் என்றார்கள். மால் வந்தது, ஆனால் 1988-ல், ஊருக்கு மேற்கே, இன்டர்ஸ்டேட் ஓரத்தில். நடுவூர் கார் நிறுத்தும் மைதானமாகக் கிடந்தது. எய்த் அண்ட் மெயின் முனையில் 1987-ல் ஒரு பழைய கட்டடம் எரிந்துபோக, அந்தப் பள்ளம் கால் நூற்றாண்டுக்கு மேல் அப்படியே இருந்து, 'தி ஹோல்' என்ற பெயரே அதற்கு நிலைத்துவிட்டது. 2014-ல்தான் அங்கே ஜயன்ஸ் பேங்க் கட்டடம் எழுந்தது, 323 அடி, மாநிலத்திலேயே உயரம். நான் வந்த புதிதில் ஊர்க்காரர்கள் அந்தக் கட்டடத்தைக் காட்டிய விதம், வீட்டில் ரொம்ப நாள் கழித்துப் பிறந்த குழந்தையைக் காட்டுகிற மாதிரி இருக்கும்.

இப்போது ஊர் மறுபடியும் தன்னைத் திருத்திக்கொள்ளப் பார்க்கிறது. 1966-ல் எழுதிய மனைப்பிரிவு விதிகளை 2023 ஜூனில் நகர சபை முழுவதுமாக மாற்றி எழுதியது, அந்த டிசம்பரிலிருந்து நடைமுறை. ஸ்டேட் ஸ்ட்ரீட், ஃபேர்வியூ, விஸ்டா போன்ற முக்கியச் சாலைகளின் ஓரமாக அடுக்குமாடிகளும் கடைகளும் நெருக்கமாக வரலாம், பார்க்கிங் கட்டாயமும் குறைவு. ஏன் அந்தச் சாலைகள்? அங்கேதான் நல்ல பஸ் ஓடப்போகிறது என்ற கணக்கு. நாள்கணக்கில் நீண்ட அந்தப் பொதுவிசாரணையை வேலைக்கு நடுவே காதில் மாட்டிக் கேட்டேன். எங்கள் தெருவில் கார் நிறுத்த இடமிருக்காது என்று பயந்தவர்களும் பேசினார்கள், எங்கள் பிள்ளைகளுக்கு இந்த ஊரில் வாடகைக்குக்கூட வீடு கிடைக்கவில்லை என்று உடைந்துபோய்ப் பேசியவர்களும் இருந்தார்கள். இரண்டு பக்கத்தையும் சமாதானப்படுத்தக்கூடியது அடிக்கடி வருகிற ஒரு பஸ். அது இல்லையென்றால் நூறு வீட்டுக்கு நூற்றைம்பது கார் வரும், அவை தெருவில்தான் நிற்கும். அப்போது பயந்தவர் சொன்னதே பலித்துவிடும், அடுத்த கட்டடத்துக்கு யாரும் சம்மதிக்க மாட்டார்கள்.

நெருக்கடி குறையும் என்று நினைக்கவும் வழியில்லை. 1970-ல் சுமார் 75,000 பேர் இருந்த ஊர் இது. பக்கத்து மெரிடியன் 2010-லிருந்து 2020-க்குள் 75,092-லிருந்து 1,17,635 ஆகிவிட்டது. 2022-ல் மைக்ரான் தென்கிழக்கு பாய்சியில் 1,500 கோடி டாலர் ஆலையை அறிவித்தது. அந்த வேலைகளை வரவேற்றுக் கைதட்டியவர்களில் நீங்களும் இருந்தீர்கள், நானும் இருந்தேன். வருகிறவர்கள் எல்லோரும் காரில்தான் வர வேண்டும் என்றால் அந்தப் பத்து லேனும் போதாது.

பனிச்சறுக்குச் சுற்றுலா ஊர்களான கெட்சம், சன் வேலிப் பக்கம் போயிருப்பீர்கள். கெட்சத்தில் மூவாயிரத்துச் சொச்சம் பேர்தான். நீங்கள் கொடுத்த அந்த உள்ளூர் வரியில் ஒரு பங்கு அங்கே பஸ்ஸுக்குப் போகிறது. ஊருக்குள் ஓடும் மவுண்டன் ரைட்ஸ் பஸ்ஸில் டிக்கெட்டே கிடையாது. பனிச்சறுக்கு பூட்ஸோடு ஏறுகிறவரும் ஹோட்டலில் படுக்கை விரிக்கப் போகிறவரும் ஒரே வண்டியில் போகிறார்கள். அங்கே வானம் இடிந்து விழவில்லை. பிடிக்காத வருஷம் வாக்காளர்கள் வரியை மாற்றவும் செய்வார்கள், அது அவர்கள் கையில் இருக்கிறது.

வரி என்றாலே எங்கள் தொகுதியில் முடியாது என்று உங்களில் சிலர் சொல்வீர்கள். நியாயமான பயம். ஆனால் உங்கள் தொகுதியில் யாரும் இதற்கு வாக்களிக்க வேண்டியதில்லை. வடக்கு ஐடஹோவிலிருந்து வருகிறவர்களே, உங்கள் ஊரில் கடிகாரமே ஒரு மணி நேரம் பின்னால் ஓடுகிறது. பாய்சியின் பஸ் எத்தனை மணிக்கு ஓட வேண்டும் என்று தீர்மானிக்கும் சுமை உங்கள் தோளில் எதற்கு? உள்ளூர் விஷயத்தை உள்ளூர்க்காரர்கள் பார்த்துக்கொள்ளட்டும் என்பது நீங்கள் மத்திய அரசிடம் நாள் தவறாமல் சொல்வதுதானே. 60 சதவீதம் போதாது என்றால் மூன்றில் இரண்டு பங்கு என்று வையுங்கள். குறிப்பிட்ட வருஷங்களுக்கு மட்டும் என்று வையுங்கள். வாக்கெடுப்பில் தோற்றால் தோற்றுப்போகிறோம், நூலகம் மாதிரி அதையும் ஏற்றுக்கொள்வோம்.

அன்றைக்கு அம்மாவும் நானும் 1931-ல் கட்டிய அந்த நினைவுப் பாலத்தைத் தாண்டி, பல்கலைக்கழகத்தைத் தாண்டி, ஒருவழியாக டிப்போவுக்கு ஏறிவிட்டோம். வெளியே பிக் மைக் என்ற பழைய நீராவி எஞ்சின். அம்மா சக்கரத்தைத் தடவிவிட்டு, விழுப்புரத்தில் இதே மாதிரி ஒன்று ஷண்டிங் செய்வதைச் சின்ன வயதில் பார்த்த கதையைச் சொன்னார்கள். உள்ளே போய் மர பெஞ்சில் உட்கார்ந்து செருப்பைக் கழற்றினார்கள். இவ்வளவு சுத்தமான ஸ்டேஷனை நான் பார்த்ததே இல்லை, ரயில் எத்தனை மணிக்கு என்று கேட்டார்கள். பயனியர் என்ற ஆம்டிராக் பயணிகள் ரயில் 1997-ல் நின்றுபோனது என்றும், அதற்கும் முன்னால் இந்தப் பள்ளத்தாக்கைச் சுற்றி மெரிடியன், நாம்பா, கால்டுவெல் எல்லாவற்றையும் இணைத்து ஓடிய டிராம் 1928-ல் நின்றுபோனது என்றும் சொன்னேன். அம்மா ஒன்றும் சொல்லவில்லை. செருப்பைப் போட்டுக்கொண்டு, அப்போ எப்படித் திரும்பிப் போவது என்றார்கள்.

வரி சம்பந்தப்பட்ட மசோதா பிரதிநிதிகள் அவையில்தான் தொடங்க வேண்டும் என்று எனக்குத் தெரியும். வருவாய், வரிக் குழுவின் தலைவர் மேசை இழுப்பறையில் ஒரு மசோதா எவ்வளவு காலம் கிடக்க முடியும் என்பதும் தெரியும். அதனால் குழுத் தலைவருக்குத் தனியாக ஒரு வேண்டுகோள். மசோதாவை விசாரணைக்கு எடுங்கள், மக்களைப் பேச விடுங்கள். நாளைக் குறிக்கும்போது மேற்கேயிருந்து பஸ் ஓடும் நேரமாகப் பார்த்து வையுங்கள். அந்தப் பெரியவர் பேச ஒப்புக்கொண்டிருக்கிறார், பேத்தி மொழிபெயர்ப்பாள். நான் காரில் கூட்டி வருகிறேன் என்றேன், வேண்டாம், நானே பஸ்ஸில் வந்து சேர்கிறேன் என்றார்.

இப்படிக்கு,
மேற்கு பாய்சிவாசி ஒருவன்